மாடியறை ஆணி

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் மாடியறைக்குக் குடிவந்த அயர்லாந்துக்காரர், ஒரு கால்பந்துக் கிளப்புக்குக் கோச். நரைத்த செம்பட்டை முடி, மாடிப்படி ஏறினால் சத்தம் போடும் முழங்கால். பெட்டியைக் காலிசெய்யவே மாட்டார். துவைத்த சட்டையும் திரும்ப அதற்குள்தான் போகும்.

மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை அவர் கூப்பிடும் ‘அக்கா’ மட்டும் தமிழ்.

“சுவரு மொட்டையா இருக்குலா. காலண்டர் மாட்ட ஆணி அடிச்சித் தாரேன்,” என்றேன்.

“வேணாங்க்கா. ஆட்டக்காரனா, கோச்சா பதினோரு கிளப்பு மாறிட்டேன். ஆணி அடிச்ச எடத்துல நெலைச்சதே இல்ல.”

நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்த வாரம், அவரே வந்து சுத்தியல் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த மூன்றிலும் தோல்வி. கிளப் அவரை அனுப்பிவிட்டது. பெட்டியை மூட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அறையைக் கூட்டப் போனோம். வெற்றுச் சுவரில் ஓர் ஆணி. என்ன மாட்ட நினைத்தாரோ! என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கப் போனார்.

“விடுங்க, சுவரு ஓட்டையாயிரும்லா,” என்றேன்.