சில்வெஸ்டருக்குப் பவனியில் ஓர் இடம்

ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தீர்ப்பு. மலேசியாவில், பாக்கார் ஆராங் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் சில்வெஸ்டரின் தோளும் தலையும் தானாகத் துள்ளியதைக் கண்ட பக்கத்து வீட்டு இராசாத்தி, அருள் வந்துவிட்டது என்று எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்து மகளின் கல்யாணத்துக்குக் குறி கேட்டாள். அவருடைய சொந்த மாதா கோவிலிலோ, குடித்துவிட்டு வருகிறார் என்றார்கள். பக்தர்களுக்குச் சாமியைவிடச் சாராயத்தை நம்புவது எளிது. இருபது வருடம் மாதா சப்பரத்தின் முன்தண்டைச் சுமந்தவரைக் கமிட்டித் தலைவர் டேரில் என்பவர் இந்த வருடச் சுமப்போர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்.

சில்வெஸ்டரின் மனைவி அகத்தாவுக்கு, கூலிம் நகரத் தொழிற்சாலையில் மின்சில்லுகளைச் சோதிக்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத பழுதைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. கணவரின் பழுதுக்கு ஹண்டிங்டன் நோய் என்று பெயர் தெரியத்தான் ஐந்து வருடம் ஆனது.

மாதா பவனிக்கு ஆறே நாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கணவரைக் கைப்பிடித்துக்கொண்டு நேரே கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"டேரில் அண்ணே, இது குடி இல்ல லா. மூளைல வர்ற நோய். ஒட்டாது, பரம்பரையா வரும். இவங்கப்பாவுக்கும் இருந்திச்சு, எஸ்டேட்ல அவரையும் கள்ளுக்கடை கேஸுன்னுதான் சொன்னாங்க. புள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி வரலாம். ஆடி ஆடியே உடம்பு கரையுது, ஒரு நாளைக்கு ஆறு வாட்டி ஊட்டுறேன்."

"அதுக்காகச் சப்பரத்தைத் தூக்க விட முடியுமா?"

"ஐயோ, தூக்குனா மாதா ரோட்லதான் கெடப்பாங்க! தூக்க வேணாம். பவனில ஒரு எடம் குடுங்க, போதும்."

டேரில் செவிடரிடம் பேசுவதுபோல் கத்தினார்: "சில்வெஸ்டர்! முன்னாடி வர்றியா? நடுவுலயா? கொடி புடிக்கிறியா? நாற்காலி போடவா?"

"இவருக்குக் காது நல்லாத்தான் இருக்குண்ணே. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் சும்மா இருங்க. பதில் வர நேரமாகும்."

"எங்க நடக்கிற?" என்று கேட்டுவிட்டு டேரில் வாயை மூடினார். கமிட்டிக்காரர்களுக்கு மௌனத்தைவிடப் பெரிய தபசு கிடையாது. ஒருவர் கைப்பேசியைத் தடவினார், ஒருவர் கூரையை ஆராய்ந்தார். முழுதாக ஒரு நிமிடம் போயிற்று.

"கடைசில," என்றார் சில்வெஸ்டர். "குடிச்சவனுங்க... எல்லாம்... அங்கதானே வருவானுங்க."

அறையே வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவர் டேரில் மட்டும்தான். காது சிவந்துபோய், "மச்சான், சப்பரத்துக்கு நேர் பின்னாடி நட," என்றார்.

சனிக்கிழமை சில்வெஸ்டர் நடந்தார். துள்ளி, சாய்ந்து, நிமிர்ந்து. அகத்தாவின் கை அவர் இடுப்பு வாரில். அவருடைய வேகம்தான் மாதாவின் வேகம். சுமப்பவர்கள் முனகினார்கள், பாடற்குழு பாட்டெல்லாம் தீர்ந்து முதலிலிருந்து தொடங்கியது. பசார் கடைத்தெரு முனையில் அவர் தள்ளாடி நின்றதும் டேரில் கையை உயர்த்த, சப்பரமும் நின்றது.

இதுவரை கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டிய அகத்தா, நடுச்சாலையில், அத்தனை பேர் பார்க்க, கெட்டியாகக் கரைத்த மைலோ பானத்தைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். புரை ஏறாமல், அவசரமில்லாமல், கடைசிக் கரண்டிவரை.

வாயைத் துடைத்துக்கொண்டு சில்வெஸ்டர் சொன்னார்: "போலாம்."

பேண்டு வாத்தியம் முழங்கியது.