குளவி வரும் மாதம்

மாசி முடியப்போவதை நான் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் கணவர் ஒரு கிண்ணத்தில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தடவ ஆரம்பித்துவிடுவார். ஆணி பிடுங்கிய ஓட்டை, ஜன்னல் இடுக்கு, ஏணி போட்டு ஏறினால்தான் தெரிகிற விரிசல், எதையும் விடமாட்டார். வெயில் ஏற ஏறப் பூச்சியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடுமாம். காஞ்சிபுரம் முழுக்க வயரிங் வேலை பார்க்கிறவர், சொந்த வீட்டில் ஃப்யூஸ் போனால் மூன்று நாள் கழித்துத்தான் கை வைப்பார். பூச்சி விஷயத்தில் மட்டும் அப்படியொரு சுறுசுறுப்பு.

கரப்பானுக்கு போரிக் பவுடரும் சர்க்கரையும் பிசைந்த உருண்டை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை வாராவாரம் கொட்டுவார். சாக்கடை வாய்க்கு வலை கட்டுவார். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அவருக்கு முதல் எதிரி குளவி. சும்மா இருக்கும் பிளக் ஓட்டையில்கூட மண்ணை அடைத்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்.

"உங்களப் பாத்தாலே குளவி பயந்துக்கினு ஓடுது" என்று கேலி செய்வேன். சிரிக்கமாட்டார்.

இது எப்போது தொடங்கியது என்று நான் யோசித்ததே இல்லை. நானும் ஒரு மக்கு.

கல்யாணமான நான்காம் வருடம், பங்குனித் திருவிழாவுக்கு என் பெரியம்மா வந்திருந்தார். வாசல் நிலைக்கு மேலே குளவி கட்டியிருந்த மண்கூடு அவர் கண்ணில் பட்டது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"கூடு கட்டியிருக்குதே! விசேஷமாடி?"

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். ஆசையாகத்தான் கேட்டார், அவர் மேல் தப்பில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். பால் பொங்கி வழிந்தது. என் கணவர் வந்து அடுப்பை அணைத்தார்.

அடுத்த மாசியில்தான் முதன்முதலாக வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

இந்தப் பங்குனியில் ஒருநாள் தண்ணீர் டேங்க் வழிகிறதே என்று மொட்டைமாடிக்கு ஏறினேன். டேங்கின் அடியில், நிழலில், பழைய மர சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே குளவிக்கூடுகள். எதுவும் உடையவில்லை. என் கணவர்தான் சுவரிலிருந்து அலுங்காமல் பெயர்த்து, திறந்துபோன முதுகுப்பக்கத்தை ஈரமண்ணால் மூடிப் பலகையில் ஒட்டியிருந்தார். பழைய கூடுகளில் வட்டமாகத் துளைகள் இருந்தன. உள்ளே வளர்ந்தவை பறந்துபோயிருந்தன. புதியது ஒன்று மட்டும் மூடியபடி இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணில் படக்கூடாது என்று பெயர்த்திருக்கிறார். உள்ளே இருந்த புழுவைக் கொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு அன்று வந்த பாசத்தை என்னால் சொல்லி முடிக்க முடியாது.

கீழே வந்தால், அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். நிலைக்கு மேலே புதிதாக ஒரு கூடு. கையில் சிமெண்ட் தடவும் பட்டைக் கத்தி.

"அது இருக்கட்டும். எறங்குங்க."

"கொட்டிச்சின்னா தெரியும்மா உனுக்கு."

"மாடியில பொட்டியப் பாத்துட்டேன்."

அவர் இறங்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "நாளைக்கு உங்க பெரியம்மா வராங்களே" என்றார்.

"வரட்டும்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பெரியம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கண் மேலே போயிற்று. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"விசேஷம் குளவிக்குத்தான் பெரிம்மா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வாங்க, காபி போடறேன்."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். பெரியம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

சமையலறைக்குப் போனேன். என் கணவர் எனக்கு முன்னாலேயே வந்து, பால் பொங்கிவிடாமல் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.