காசிக்குப் போகாத சாரதாமணி

சாரதாமணி ஒரு வார்த்தை சொன்னால் சங்ககிரியில் அதற்கு மறுபேச்சு கிடையாது. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். கணவர் போன பிறகு பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே போன். "பத்து மணிக்கு வண்டி வந்து நிக்கும்" என்றால் பத்துக்கு நிற்கும். அப்பேர்ப்பட்ட மனுஷி ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரே ஒரு பொய் சொல்லி, வசமாக மாட்டிக்கொண்டார்.

எல்லாம் இந்த முகத்தால் வந்த வினை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து ஆபீசுக்கு வருவார். வருகிறவனெல்லாம் "ஏனுங்கம்மா, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்பான். கன்னம் தொங்கி, தாடைக்குக் கீழே சதை இறங்கி, சிரித்தால்கூட அழுகிற மாதிரி ஆகிவிட்டது முகம். ஒருநாள் பொறுமை போய், "நா சோந்து போகலீங்க, என்ற மூஞ்சிதான் சோந்து போச்சு!" என்று கத்தியே விட்டார். அடுத்த வாரம் சேலத்தில் டாக்டர் இளவழகன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. நெற்றிப்பொட்டோரத்து முடியில் தொடங்கி, காதின் முன்னால் இறங்கி, பின்பக்கம் சுற்றி வெட்டுவோம். அடியில் உள்ள தசையை இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை எடுத்துவிடுவோம் என்றார். ரத்தம் கட்டலாம், அபூர்வமாக நரம்பில் பட்டு வாய் கோணலாம். வாயைச் சுற்றியுள்ள கோடுகள் போகாது. "இருவது வயசு ஆயிட மாட்டீங்கம்மா. நல்லாத் தூங்கி எந்திரிச்ச ஐம்பத்தெட்டா இருப்பீங்க."

"அது போதுங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்" என்றார் சாரதாமணி.

முதல் நிபந்தனை, புகையிலையை நான்கு வாரம் முன்பே விடவேண்டும்; இல்லாவிட்டால் தையல் ஆறாது. முப்பது வருஷப் பழக்கம். ஒரே நாளில் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். கேட்ட டாக்டரே நிமிர்ந்து பார்த்தார்.

தங்கை அன்புச்செல்விக்குத்தான் பதறியது. "இந்த வயசுல, மாமாவும் இல்லாத நேரத்துல, மூஞ்சிக்கு ஆப்பரேசனான்னு ஊரே சிரிக்குமக்கா. காசிக்குப் போறதாச் சொல்லிரலாம். ஒரு மாசம் எவனும் தேட மாட்டான்." சாரதாமணிக்கு மனசே ஒப்பவில்லை. ஆனாலும் அந்த ஒரு தடவை தலையை ஆட்டித் தொலைத்தார்.

நான்கு மணி நேர ஆப்பரேஷன். மறுநாள் காதுக்குப் பின்னால் ரத்தம் வடிய வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்தவர், "அய்யோ, இதாரு!" என்று அலறினார். முகம் பூசணிக்காயாக வீங்கி, கண்ணுக்குக் கீழே கன்றிக் கறுத்துக் கிடந்தது. சேலத்தில் தங்கை வீட்டில், மூன்று தலையணையில் சாய்ந்தே தூங்கினார். வலியைவிட இறுக்கம்தான் பெரிய தொல்லை. கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் போல மரத்திருந்தது. பத்து நாளில் கறுப்பு மஞ்சளானது. தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பழைய தாடைக்கோடு திரும்பி வந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார்.

நான்காவது வாரம் ஊர் திரும்பினார். மறுநாள் விடிந்ததும் வாசலில் பார்த்தால் கூட்டம்! காசிக்குப் போய்வந்தவர் காலில் விழுந்தால் போன புண்ணியத்தில் பாதி கிடைக்கும் அல்லவா? தேங்காய் பழத் தட்டோடு பத்துப் பதினைந்து பேர். கங்கைத் தீர்த்தம் வாங்கிப்போகச் சொம்பு வேறு. பொய் சொல்லச் சொன்ன தங்கைக்கும் இது தோன்றவில்லை, தலையாட்டிய அக்காவுக்கும் தோன்றவில்லை.

"மொகத்துல என்ன ஒரு களை! எல்லாம் விசுவநாதர் குடுத்தது" என்றாள் ஒருத்தி. சாரதாமணிக்குச் சுருக்கென்றது. புகையிலையை விட்டதும், வீங்கிக் கிடந்ததும் அவர். பேர் மட்டும் சாமிக்கா?

உடன் வந்திருந்த அன்புச்செல்வி பரபரவென்று உள்ளே ஓடிக் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக்கொண்டு வந்தாள். "குடுத்து அனுப்பிச்சிரலாமக்கா" என்று காதைக் கடித்தாள்.

அதற்குள் சின்னண்ணன் முன்னால் வந்துவிட்டார். தெருவிலேயே மூத்தவர், எண்பத்திரண்டு வயது. "இனி நா எங்க காசியப் பாக்கப் போறேன் சாமி" என்று கோலைக் கீழே வைத்துவிட்டு, நடுங்குகிற கையைத் தரையில் ஊன்றிக் குனிந்தார்.

சாரதாமணியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. பாய்ந்து தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"வேண்டாமுங்க! நா காசிக்கே போகலீங்க. சேலத்துல ஆசுபத்திரிக்குப் போனேன். தொங்கிப்போன மூஞ்சிய இழுத்துத் தெச்சுக்கிட்டு வந்திருக்கறேன். அது தப்பில்லீங்க, என்ற மூஞ்சி. உங்ககிட்டப் பொய் சொன்னதுதானுங்க தப்பு."

அன்புச்செல்வி சொம்போடு சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். சாரதாமணி தலை குனியவில்லை. முடியை ஒதுக்கிக் காதோரத்துச் சிவந்த கோட்டை எல்லாருக்கும் தெரியக் காட்டினார்.

சின்னண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுதா சாமி?"

நான்கு வாரத்தில் டாக்டரைத் தவிர ஒரு ஜீவன் கேட்கவில்லை அதை. கூடவே இருந்த தங்கைகூட, 'யாராவது பார்த்துவிட்டார்களா' என்றுதான் தினமும் கேட்டாள். சாரதாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தாங்கிக்கிட்டனுங்க" என்றார்.

"பின்னே? நீ தாங்காம வேற ஆரு தாங்குவா" என்ற கிழவர், "ஆசுபத்திரின்னு சொல்லியிருந்தா ரொட்டி வாங்கிட்டு வந்து பாத்திருப்பனே" என்று கோபித்துக்கொண்டார்.

அவ்வளவுதான், கூட்டம் கலையவில்லை, நெருங்கியது. சொம்பை இடுப்பில் இடுக்கியபடி பெண்கள் காதோரத்தை எட்டிப் பார்த்தார்கள். "எத்தன நாளுக்குங்க வீங்கியிருக்கும்?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

சாரதாமணி படியில் உட்கார்ந்தார். "உள்ளதச் சொல்றேன், கேட்டுக்க. மூணாம் நாளு கண்ணாடிப் பக்கமே போயிராத..."