தேவகி நிறுத்திய சாப்பாட்டு வண்டி

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் மதியச் சாப்பாடு வார்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது முனியம்மா அழைத்தார். அவர் என் தோழி தேவகி வேலை பார்த்த மருத்துவமனையில் சமையல் செய்பவர்.

"தேவகிம்மா போயிட்டாங்கம்மா. மூளையில ரத்தம் கசிஞ்சிட்ச்சாம். காலையில நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க."

அழுவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்தது. அது தணியாமலே இதை எழுதுகிறேன். சித்தூர்ப் பக்கம் இருக்கும் அந்த மருத்துவமனையின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

தேவகி பிச்சாட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதியில் உணவியல் படித்தபோது என் அறைத்தோழி. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பெரியப்பா சீண்டுவாராம்: "சோறாக்கறதுக்கா உங்க நைனா உன்ன காலேஜில படிக்க வெச்சிக்கினு இருக்காரு?"

"ஆக்கறதுக்கு இல்ல பெரிப்பா. நீங்க ஆக்கறத துன்னா ஆளு பொழைக்குமான்னு சொல்றதுக்கு."

படிப்பு முடிந்ததும் தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டன. அவர் அரசு மருத்துவமனைக்கு ஒப்பந்த ஊழியராகப் போனார். ஏன் என்று கேட்டேன். "இங்க வர்றவங்களுக்கு வேற எங்கயும் போய்த் துன்ன வழியில்லடி" என்றார். நிரந்தர வேலை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. அதுவரை மருத்துவர்கள் அவரை 'இட்லி டாக்டரம்மா' என்றே அழைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அவர் அங்கே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு வண்டி வார்டு வாசலில் நிற்கும். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி கிண்ணத்தில் ஊற்றி, நோயாளிகள் பார்க்க முதலில் அவர் குடிப்பார். பிறகு அன்று பணியில் இருக்கும் மருத்துவர் குடிக்க வேண்டும். அதன் பிறகே வண்டி உள்ளே போகும்.

ஒருநாள் சிறுநீரக வார்டுக்கு வந்த உப்பில்லாச் சாம்பாரில் உப்பு இருந்தது. சமையல் ஒப்பந்தக்காரர் எல்லா வார்டுக்கும் ஒரே அண்டாவில் ஆக்கச் சொல்லியிருந்தார். தேவகி வண்டியை மறித்து நின்றார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இறங்கி வந்தார்.

"தேவகிகாரு, இது ஆஸ்பத்திரியா, ஓட்டலா? துளி உப்புக்கு இவ்ளோ ரகளையா?"

"நீங்க ஒரு வாய் குடிச்சிப் பாருங்க சார்."

"நான் ஏம்மா குடிக்கணும்? ருசி பாக்கறது உன் வேல இல்ல."

வண்டி உள்ளே போனது. மறுநாள் முதல் தேவகிக்கு வெளிநோயாளிகள் பிரிவில் சுவரொட்டி ஒட்டும் வேலை. ருசி பார்க்கும் வழக்கமும் நின்றது. அந்த வார்டில் கால் வீக்கம் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு மறுபடி வீங்கியது. காரணம் உப்புதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்; ஆதாரம் இல்லாமல் பேசப் படிக்கவில்லை. ஆனால் ஆதாரம் தேடவே விடாத அந்தக் கண்காணிப்பாளரை நான் மன்னிக்கவும் மாட்டேன்.

கடைசியாக ரேணிகுண்டா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். 'போகட்டும், விட்டுவிடு' என்றேன்.

"மன்னிக்கறதெல்லாம் சாமி பாத்துக்கும். அந்தாளு ஒருநாள் அந்தக் கிண்ணத்த வாயில வெக்கணும். எனக்கு அது போதும்டி."

மருத்துவமனை வளாகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அந்தக் கண்காணிப்பாளரே தலைமை தாங்க வந்தார், பதவி உயர்வோடு. தேவகியை 'என் வலது கை' என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். எனக்கு அந்த மனிதரைத் தெரியும். அண்டா மாறியிருக்காது என்றும் தெரியும். முனியம்மாவிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். அவர் சிறுநீரக வார்டு வண்டியை நேராக மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிக் கிண்ணத்தை நீட்டினேன். "தேவகி வெச்ச வழக்கம் சார். அவங்க நினைவா நீங்களே தொடங்கி வெச்சா நல்லது."

முன்வரிசையில் செவிலியர்கள். பின்னால் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும். மறுக்க வழியில்லை. குடித்தார்.

"உப்பு இருக்கா சார்?"

அவருக்கே ரத்த அழுத்தம். வீட்டில் உப்பில்லாமல் சாப்பிடுபவர். நாக்கு முந்திக்கொண்டது. "இருக்கு" என்றார். ஒலிபெருக்கி அதை வாசல்வரை கொண்டுபோனது.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: "அப்ப இத்தினி நாளா எங்களுக்கு இன்னா சார் போட்டுக்கினு இருந்தீங்க?"

அவர் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பணியில் இருந்த மருத்துவர் எழுந்து வண்டியைத் திருப்பி அனுப்பினார். முனியம்மா தனிப் பாத்திரத்தில் புதிதாக ஆக்கிக் கொண்டுவரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வந்ததும் அந்த மருத்துவர் யாரும் சொல்லாமலே வேறொரு கிண்ணத்தை எடுத்தார். கூட்டத் தலைவர் அதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தார்.

அந்தத் தலைவர் பாதி குடித்து வைத்த கிண்ணத்தைத் தேவகியின் படத்துக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் அவர் கொண்டுவந்த ரோஜா மாலை இருந்தது. அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

தேவகி, அவர் குடித்துவிட்டார். இனி நீ போகலாம்.