கடுகு வெடிக்காத வீடு

எங்கள் தெருவில் அப்போது இருந்தது ஒரே ரேடியோ, என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். சாயங்காலமானால் உத்தமபாளையத்துப் பெண்களில் பாதிப்பேர் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

பெரியம்மை பரவிய வருஷம் எல்லாம் மாறிப்போனது. டெண்டுக் கொட்டகையை மூடினார்கள். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், பொம்பளை விளையாட்டு என்று அதுவரை கேலி செய்த தாயத்தை என்னோடு உட்கார்ந்து ஆடினார். தோற்றால் கோபம் வேறு. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை என்று ஆனதால் ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைத்தோம். சிலோன் பாட்டைச் சத்தமாக வைத்தால் ஆளாளுக்கு அவரவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு வீட்டு வாசல் காலியாக இருந்தால் அங்கே ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

ஒருநாள் என் மூன்று வயது மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பிறகு நெற்றியில் முத்துகள் கிளம்பின.

அம்மை கண்ட வீட்டில் பாட்டுக்கூத்து ஆகாது. ஆனால் எங்கள் ரேடியோ நின்றால் தெருவுக்குத் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரிந்தால் சுகாதார ஆட்களுக்கும் எட்டும். ஊருக்கு வெளியே ஓலைக்கொட்டகை போட்டு நோயாளிகளை அங்கே கொண்டுபோனார்கள். அடுத்த தெருவிலிருந்து தூக்கிப்போன ஒரு பிள்ளை திரும்பவே இல்லை.

"ரேடியோ பாட்டுக்குப் பாடட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"சுகாதார ஆளுக வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போனா என்ன செய்வ?"

வேப்பிலையை வாசலில் செருகாமல் பாயில் பரப்பினேன். ஜன்னலில் காதல் பாட்டு ஓடியது. உள்ளே நான் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தபடி, "தாயே, மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடினால் ஆத்தாளுக்குப் பயம், நின்றால் ஊருக்குப் பயம். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு சாயங்காலம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு மதினி கொல்லைப்புறமாக வந்து, உள்ளே நுழையாமல் நின்றாள்.

"ஏத்தா, ரேடியோவ நிப்பாட்டு."

"ஏன் மதினி, நல்ல பாட்டுத்தான..." என்று மழுப்பினேன்.

"நாலஞ்சு நாளா உன் வீட்டுல தாளிக்கிற வாசமே இல்லையே. தெருவுக்கே தெரியும். எவளும் வாயத் தெறக்க மாட்டா. நீ ஆத்தாளச் சோதிக்காத."

ஊரையே ஏமாற்றிவிட்டதாக நினைத்தவள் அடுப்பங்கரையில் கோட்டை விட்டிருந்தேன். அம்மை வீட்டில் எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. பாட்டு விஷயத்தில் ஆத்தாளை மீறத் துணிந்த எனக்கு, சும்மாவாவது தாளித்து வைப்போம் என்று தோன்றவே இல்லை.

ரேடியோவை நிறுத்தினேன். அதன் பிறகுதான் என் மகளின் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. நடுவில் நிற்கும், மறுபடி இழுக்கும். அது நின்றபோதெல்லாம் எனக்கும் நின்றது. அதற்குப் பிறகு தாயக்கட்டையை நாங்கள் தொடவில்லை. தெருவிலும் சத்தமில்லை. இரண்டு பேரும் பாய்க்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆத்தா இரக்கப்பட்டாள். முத்துகள் வாடி, பொருக்கு உதிர்ந்து, அம்மை இறங்கியதற்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றினோம். அன்று மத்தியானம் வாணலியை அடுப்பில் வைத்தேன். அவசரத்தில் பாதிக் கடுகு தரையில் கொட்டியது, மீதி வெடித்தது. வாசம் போன வேகத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"ஏத்தா! ரேடியோவப் போடு!" என்று மதினி கத்தினாள். வாசல்தோறும் பெண்கள் வந்து நின்றார்கள்.

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ரேடியோவிடம் போனார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க. பாட்டுப் போட்டா இவ மூச்சு எனக்குக் கேக்காது."