கடைசியாக வந்தவர் வாசலில் நிற்பார்

ஜூன் கடைசியில் தம்பி மகள் ஸ்டெல்லா காரைக்காலிலிருந்து போன் செய்தாள். "பெரியப்பா, ஜோசபினுக்குப் புதுப் பள்ளிக்கூடம் ஒட்டவே இல்ல. காலாண்டு லீவுல பாரிஸ் அத்தை வீட்டுக்கே போயிடுறேங்கறா. நீங்க வாத்தியாராச்சே, ஒரு நடை வாங்க."

ஸ்டெல்லாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். மூன்று வருடம் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் இருந்தார். இப்போது குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடத்துக்கு மாற்றல். அதனால் ஸ்டெல்லாவும் மகள் ஜோசபினும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஞாயிறு காலை தஞ்சாவூரில் பயணிகள் ரயில் ஏறினேன். இருபத்தைந்து ரூபாய், நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாகூர் தாண்டி, திருமலைராயன்பட்டினம் வரும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடற்காற்று இலவசம். காரைக்கால் நிலையத்தில் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். அறுபது என்றேன். "வாத்தியாருங்களா? ஏறுங்க, இல்லாட்டி முட்டி போடச் சொல்லுவீங்க!" என்றார்.

ஜோசபினுக்காக இரண்டு நல்ல உதாரணங்கள் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. ஜிபூத்திப் பள்ளி எப்படி என்று கேட்டதுதான் தாமதம், மடை திறந்தாற்போல் பேசினாள்.

அங்கே பாதிப் பேர் ராணுவப் பிள்ளைகள். வருடா வருடம் வகுப்பே மாறிவிடும். நான் முப்பது வருடம் புவியியல் நடத்தியவன். மழைக்காடு என்றால் கரும்பலகையில் மரம் வரைவேன். அங்கே ஆசிரியர் மழைக்காடு என்றதும், தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவில் இருந்துவிட்டு வந்த ஒரு பையன் எழுந்து, காயப்போட்ட தன் காலுறையில் காளான் முளைத்த கதையைச் சொன்னானாம். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைவிட என்னை அசத்தியது அவர்களுடைய ஒரு வழக்கம். யார் கடைசியாகச் சேர்ந்தாரோ, அவர்தான் அடுத்த புதுப்பிள்ளையை வாசலில் நின்று கூட்டிவர வேண்டும்.

"பழைய ஆளுங்கதானே வழி காட்டணும்?" என்றேன்.

"அவங்களுக்கு எல்லாம் பழகிப்போச்சு தாத்தா. எங்க முழிப்போம்னு புதுசா வந்தவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்." பிறகு அவளே தொடர்ந்தாள். "இங்க எல்லாரும் எல்.கே.ஜி.லேருந்து ஒண்ணா படிக்கறவங்க. கெட்டவங்க இல்ல. ஹாய்ங்கறாங்க, போயிடறாங்க. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுறேன்."



திங்கள் காலை அவளோடு பள்ளி வரை நடந்தேன். வாசலில் ஒரு பெண் புதுப்பையோடு அப்பாவின் கையைப் பிடித்து நின்றாள். பக்கத்துக் கிராமமான குரும்பகரத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பில் சேர வந்தவள். ஜோசபின் என்னை அப்படியே விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

"வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க அக்கா. நீங்க எத்தன வருஷமா இங்க படிக்கறீங்க?"

"எட்டு நாளா. நானும் பதினொண்ணாவதுதான், அக்கால்லாம் வேணாம்."

அந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது ஜோசபின் ஓடிவந்தாள். வேதியியல் ஆய்வகம் தேடி இருவரும் ஆசிரியர்களின் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்துவிட்டார்களாம். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, தாங்களே கூட்டிப் போனார்களாம். மத்தியானம் ஆறு பேராகச் சாப்பிட்டார்களாம்.

காரைக்கால் போகிறவர்களுக்கு: ஒரு இரவாவது தங்குங்கள். மாலையில் கடற்கரைக்கும் அரசலாற்று முகத்துவாரத்துக்கும் நடந்தே போகலாம். வெயிலுக்குக் குடை அவசியம்.

பாரிஸ் அத்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆட்டோ நகரும்போது ஜோசபினே குனிந்து சொன்னாள்: "அடுத்த புதுப்பிள்ளை வந்தா இன்னிக்கு வந்தவதான் வாசல்ல நிக்கணும்னு சொல்லிட்டேன் தாத்தா. ஒழுங்கா நிக்கறாளான்னு பாக்க நான் இருக்கணும்ல?"