நோபுயோ பார்க்காமல் வாங்கிய வீடு

ஜப்பானில், அமாகசாகிச் சந்தையில் நோபுயோ முள்ளங்கி வாங்கும் அழகை எல்லாரும் அறிவார்கள். தூக்கிப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், இலையை விலக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் முகம் சுளித்த பிறகுதான் பையில் போடுவாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, கண் அப்படிப் பழகிவிட்டது. அப்பேர்ப்பட்டவள் ஒரு ஃபிளாட்டை உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கினாள்.

பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடி. குடியிருப்பவரோடு சேர்த்து விற்பனை. ஆள் இருக்கும் வீட்டுக்குள் வாங்குகிறவர் நுழைவது வழக்கமில்லை என்று தரகர் குனிந்து வணங்கிச் சொன்னார். முதல் மாதமே வாடகை வரும் என்றும் சொன்னார். ஓய்வுபெற்ற பின் அதை வைத்து ஓட்டலாமென்று சேமிப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டாள்.

"மகாராணி, உங்க அரண்மனையில சமையலறை எந்தப் பக்கம்?" என்பார் கணவர் தெய்ஜி.

"பேசாம மிசோ சூப்பக் குடிங்க."

இலையுதிர் காலத்தில், வாடகை வசூலித்துத் தரும் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. குடியிருப்பவர் உசாமி குளியலறைக்குப் புது ஹீட்டர் கேட்கிறாராம். "ரிப்பேர் பண்ணி ஓட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரம், அவர் காலி செய்ய யோசிப்பதாகச் சொன்னார்கள். அந்த மாடிப்படி ஏற இன்னொருவர் எங்கே கிடைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை, தெய்ஜியிடம் சொல்லாமல் அங்கே போனாள். கட்டடத்து வாசலில் குடியிருப்பவர்கள் கூடிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்து வலிக்க நாலாவது மாடியையே பார்த்து நின்றவளிடம், அரிவாளும் தொப்பியுமாக ஒரு முதியவர் வந்தார்.

"என்னம்மா, வீடு தேடறீங்களா?"

"ஆ... ஆமாங்க."

"நீங்க பாக்கறது என் வீடுதான். காலி பண்ணலாம்னு இருக்கேன், வந்து பாருங்க. ஆனா சொல்லிடறேன், ஓனரம்மா மகா கஞ்சம்."

"அ... அப்படியா?"

"தலை நிறைய சோப்பு நுரை, தண்ணி திடீர்னு ஜில்லுன்னு வருது. இப்பவே இப்படின்னா ஜனவரியில என் கதி? அந்தம்மாவ ஒரு நாள் என் குளியலறையில நிக்க வைக்கணும்!"

மூச்சு வாங்க ஏறினாள். செருப்பைக் கழற்றி, தன் சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தாள். தரை பளபளத்தது. பால்கனிக்கு அப்பால் ஆறு தெரிந்தது. சமையலறை இடது பக்கம். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கதகதப்பாக வந்த தண்ணீர் சட்டென்று பனியாக மாற, "ஐயோ!" என்று கையை உதறினாள்.

"பாத்தீங்களா!" உசாமிக்கு அப்படியொரு சந்தோஷம்.

நோபுயோ ஈரக்கையோடு போனை எடுத்தாள். நிறுவனத்தில் ஞாயிறு என்று பார்க்காமல் ஒருவர் எடுத்தார்.

"உசாமி ஐயா வீட்டு ஹீட்டர மாத்திடுங்க... ஆமா, புதுசுதான்... ஓனர்தான் பேசறேன்."

உசாமியின் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். "அப்ப, அந்தக் கஞ்ச..."

"நானேதான். உங்க குளியலறையிலயும் நின்னாச்சு. இப்ப சொல்லுங்க ஐயா, போறீங்களா, இருக்கீங்களா?"

அவர் சமையலறைக்குப் போனார். பார்லி டீ ஊற்றி வந்து வைத்தார், தலையைச் சொறிந்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அடுத்த கோடைக்குள்ள இந்தக் கொசுவலையையும் மாத்தணும்மா."